ஃபர்னஸ் திருத்தச் செலவு: ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கான வழிகாட்டி

அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவரை வீட்டின் வெப்பம் வேறொருவருடைய பொறுப்பாக இருந்திருக்கும். ஏஜாக்ஸிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ சொந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து, பேஸ்மென்ற்றின் மூலையில் நிற்கும் ஃபர்னஸ் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. வீடு பார்க்கச் சென்றபோது சமையலறையையும் குளியலறைகளையும் நுணுக்கமாகப் பார்த்தவர்கள்கூட, அந்த இயந்திரத்துக்கு எத்தனை வயது என்று கேட்பது அரிது. ஜனவரி மாதத்தில், வெளியே வெப்பநிலை மறை 20 பாகையாக இருக்கும் ஓர் இரவில் அது நின்றுபோகும்போது, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் ‘எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடலாம்’ என்ற மனநிலைதான் முதலில் வரும். 300 டொலருடன் முடிந்திருக்க வேண்டிய திருத்தம், 6,000 டொலர் பெறுமதியான புதிய இயந்திரமாகவோ, பத்து ஆண்டுகளுக்கு நீளும் வாடகை ஒப்பந்தமாகவோ மாறுவது பெரும்பாலும் அந்த மணி நேரத்தில்தான்.

உதிரிப்பாகத்தின் விலையைவிட, எது பழுதடைந்தது, அது எப்படிக் கண்டறியப்பட்டது என்பதை வீட்டுக்காரர் கேட்டு அறிந்துகொள்கிறாரா என்பதே மொத்தச் செலவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இக்கட்டுரை விலைகளை மட்டும் கூறாமல், அந்த விலைகளுக்குப் பின்னால் உள்ள வேலையையும் விளக்குகிறது. ஒன்ராறியோவில் மிகப் பரவலாக உள்ள, இயற்கை எரிவாயுவில் இயங்கி, குழாய்கள் வழியாகச் சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் ஃபர்னஸ்களைப் பற்றியே இங்கு பேசப்படுகிறது. கூறப்படும் தொகைகள் ரொறன்ரோ பெரும்பாகத்தில் எதிர்பார்க்கக்கூடிய அண்ணளவான எல்லைகள் மட்டுமே. அவற்றின்மேல் 13 வீத எச்.எஸ்.ரி. வரி சேரும்.

எதற்கும் முன்: இரண்டு அபாயங்கள்

அழுகிய முட்டையைப் போன்ற வாடை வந்தால் அது எரிவாயுக் கசிவு எனக் கொள்ள வேண்டும். மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். வீட்டுக்குள் நின்று தொலைபேசியைப் பயன்படுத்தவும் வேண்டாம். எல்லோரும் வெளியேறிய பின்னர், வெளியே நின்றபடி 911 ஐயோ எரிவாயு நிறுவனத்தின் அவசர இலக்கத்தையோ அழையுங்கள். அந்த இலக்கம் உங்கள் மாதாந்த எரிவாயுப் பில்லில் அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது அபாயமான காபன் மொனொக்சைட்டுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அதன் எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, வீட்டில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் ஏற்பட்டு, வெளியே சென்றதும் அவை குறைந்தாலோ, உடனே வெளியேறி 911 ஐ அழைக்க வேண்டும். ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளை அண்டி இந்தக் கருவி இருப்பது சட்டப்படி கட்டாயமாகும். 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும். பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள் அங்கும் இயங்கும் கருவி இருப்பதை இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த விடயத்தில் பணத்தை மிச்சப்படுத்த முயல்வது தவறு.

ஃபர்னஸ் இயங்கும் வரிசை

பில்லில் வரும் பெயர்களைப் புரிந்துகொள்வதற்கு, இயந்திரம் இயங்கும் வரிசையைத் தெரிந்திருந்தால் போதும். சுவரில் உள்ள தெர்மோஸ்டற் வெப்பம் வேண்டும் என்று அறிவிக்கிறது. உடனே இன்டியூசர் மோட்டார் எனப்படும் சிறிய விசிறி சுழன்று, எரிப்பு அறையில் தேங்கிய வாயுக்களை வெளியே தள்ளுகிறது. வழி திறந்திருக்கிறது என்பதைப் பிரஷர் சுவிட்ச் உறுதிசெய்தபின், இக்னைற்றர் செந்நிறமாகச் சூடேறுகிறது, எரிவாயு வால்வு திறக்கிறது, தீப்பிடிக்கிறது. தீ உண்மையிலேயே எரிகிறது என்பதை ஃபிளேம் சென்சர் என்ற மெல்லிய உலோகக் கம்பி சில நொடிகளுக்குள் உணர வேண்டும். உணராவிட்டால் பாதுகாப்புக்காக வால்வு மூடிக்கொள்ளும். தீயின் வெப்பம் ஹீற் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோக அறையின் சுவர்களைச் சூடாக்க, புளோவர் மோட்டார் வீட்டுக் காற்றை அச்சுவர்களின் வெளிப்புறமாகத் தள்ளிச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்புகிறது. இவை அனைத்தையும் கொன்ட்ரோல் போர்ட் எனப்படும் மின்னணுப் பலகை நிர்வகிக்கிறது.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் நின்றாலும் வீட்டில் தெரிவது ஒன்றுதான்: சூடான காற்று வரவில்லை. ஆனால் எங்கே நின்றது என்பதைப் பொறுத்துச் செலவு 150 டொலராகவும் இருக்கலாம், 3,000 டொலராகவும் இருக்கலாம். ஆகவே சிறிது நேரம் அருகில் நின்று கவனியுங்கள். சிறிய விசிறியின் ஒலி கேட்கிறதா, கண்ணாடித் துவாரத்தின் வழியே செந்நிற ஒளி தெரிகிறதா, தீப்பிடித்துச் சில நொடிகளில் அணைகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், திருத்துநரிடம் சொல்வதற்கு உங்களிடம் பயனுள்ள தகவல் இருக்கும்.

அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

தெர்மோஸ்டற்றில் தொடங்குங்கள். அது குளிரூட்டும் நிலையில் விடப்பட்டிருக்கலாம். அதன் பற்றரி தீர்ந்திருக்கலாம். அடுத்து மின்சாரம். ஃபர்னஸின் பக்கவாட்டிலோ அருகிலுள்ள சுவரிலோ சாதாரண விளக்குச் சுவிட்ச் போன்ற ஒன்று இருக்கும். பேஸ்மென்ற்றில் பொருள் எடுக்கச் சென்றவர் விளக்கு என்று நினைத்து அதை அணைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். மின்பெட்டியில் ஃபர்னஸுக்குரிய பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபர்னஸின் கீழ்க்கதவு சரியாகப் பொருந்தாவிட்டால், அதன் பின்னால் உள்ள பாதுகாப்புச் சுவிட்ச் முழு இயந்திரத்தையும் நிறுத்திவைக்கும். வடிகட்டியை மாற்றியபின் கதவைச் சரியாக மூடாமல் விட்டதற்காக ஒருவரை வரவழைத்துப் பணம் கொடுத்தவர்கள் பலர்.

வடிகட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகளை இங்கிருந்தே தடுத்துவிடலாம் என்று நான் நம்புகிறேன். தூசியால் அடைபட்ட வடிகட்டி காற்றோட்டத்தைக் குறைக்கிறது. போதிய காற்று வராததால் ஹீற் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அப்போது, அளவுக்கு மீறிய சூட்டைத் தடுக்கும் லிமிற் சுவிட்ச் தீயை அணைத்துவிடுகிறது. சற்று ஆறியபின் மீண்டும் பற்றி, மீண்டும் அணைந்து, இப்படியே தொடர்ந்தால் புளோவர் மோட்டாரும் ஹீற் எக்ஸ்சேஞ்சரும், அதாவது இயந்திரத்தின் மிக விலையுயர்ந்த இரு பாகங்களும், ஆயுளை இழக்கின்றன. ஓர் அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், நான்கு அங்குலத் தடிப்புள்ளதை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். பேஸ்மென்ற்றில் இரண்டாவது சமையலறை வைத்துப் பொரியலும் தாளிப்பும் செய்பவர்கள் இதைவிட விரைவாக மாற்றுவது நல்லது. எண்ணெய்ப் புகை வடிகட்டியில் படிந்துவிடும். கடையில் உள்ளவற்றுள் மிக நுண்ணியதை வாங்கி ஓர் அங்குல இடத்தில் செருகுவதும் நன்மையல்ல. வடிகட்டியின் நுண்மையைக் குறிக்கும் மெர்வ் அளவில் 8 முதல் 11 வரையிலான தரம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது.

பின்னர் வெளியே சென்று, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், ஃபர்னஸுக்குரிய வெள்ளை நிற அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய்களின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பனிப்புயலின் மறுநாள் ஃபர்னஸ் நிற்பதற்கு இது மிகப் பொதுவான காரணமாகும். பனியைக் கையால் அகற்றினாலே போதும். உயர்திறன் ஃபர்னஸ்களில் எரிப்பின்போது நீரும் சேர்கிறது. அந்த நீரை வடிக்கும் சிறிய குழாய் அடைபட்டாலோ உறைந்தாலோ பிரஷர் சுவிட்ச் இயந்திரத்தைத் தொடங்கவிடாது. குழாய் வளைந்து நசுங்கியிருக்கிறதா, நீரேற்றும் சிறிய பம்ப் நிரம்பி வழிகிறதா என்று கவனியுங்கள்.

கடைசியாக, ஃபர்னஸின் கதவில் உள்ள சிறிய கண்ணாடித் துவாரத்தின் வழியே ஒரு விளக்கு மினுக்குவதைக் காணலாம். அது எத்தனை தடவை மினுக்குகிறது என்பதே பழுதுக் குறியீடு; அதற்குரிய விளக்க அட்டவணை கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். தீப்பற்றும் முயற்சி பலமுறை தோல்வியடைந்தால் இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தால் அது விடுபடலாம். ஒருமுறை இதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. மீண்டும் மீண்டும் செய்வது பழுதை மறைப்பதாகவே முடியும். இதற்கு அப்பால், எரிவாயு எரியும் பகுதியைத் திறந்து வேலை செய்வது உரிமம் பெற்றவருக்கு மட்டுமே உரியது. காணொளி பார்த்து நீங்களோ ‘எல்லாம் தெரிந்த’ நண்பரோ கைவைக்க வேண்டாம்.

யாரை அழைப்பது

அழைப்பதற்கு முன் இந்த இயந்திரத்துக்கு உரியவர் யார் என்று பாருங்கள். முன்பிருந்தவர் அதை வாடகைக்கு எடுத்திருந்து, வீடு வாங்கும்போது அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்றிருந்தால், திருத்துவது பெரும்பாலும் வாடகை நிறுவனத்தின் கடமை. புதிதாகக் கட்டப்பட்ட வீடாயின், ராரியன் என்ற அமைப்பு நிர்வகிக்கும் சட்ட உத்தரவாதம் முதல் ஆண்டில் வேலைத்திறன் குறைபாடுகளையும், முதல் இரண்டு ஆண்டுகளில் வெப்பம், நீர், மின்சாரம் ஆகியவற்றின் விநியோக அமைப்புகளில் உள்ள குறைபாடுகளையும் உள்ளடக்கும். அந்த உத்தரவாதம் வீட்டோடு செல்வதால், இரண்டாவதாக வாங்கியவருக்கும் எஞ்சிய காலம் உண்டு. தயாரிப்பாளரின் உத்தரவாதம் இவற்றிலிருந்து வேறானது. பொருத்திய 60 அல்லது 90 நாள்களுக்குள் பதிவு செய்திருந்தால் பாகங்களுக்குப் பத்து ஆண்டுகளும், பதிவு செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுகளும் என்பது பரவலாகக் காணப்படும் நிபந்தனை. இந்த உத்தரவாதம் பாகத்தின் விலையை ஈடுசெய்யுமே தவிர, கூலியை ஈடுசெய்யாது என்பதைப் பலர் பில் வந்த பிறகே அறிகிறார்கள்.

ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனங்களில் வேலை செய்யும் நிறுவனம் ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவுபெற்றிருக்க வேண்டும். வருபவரிடம் ஜி2 அல்லது ஜி1 சான்றிதழ் இருக்க வேண்டும். ஜி3 சான்றிதழ் உள்ளவர் மற்ற இருவருள் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே பணியாற்றலாம். மணிக்கு 4,00,000 பி.ரி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வரையிலான சாதனங்களில் ஜி2 சான்றிதழ் உள்ளவர் பணியாற்றலாம். வீட்டு ஃபர்னஸ்கள் பெரும்பாலும் 1,20,000 க்கு உட்பட்டவை என்பதால் அது போதுமானது. ஒருவர் நமது ஊர்க்காரர் என்பதும், விருந்தொன்றில் அறிமுகமானவர் என்பதும் இந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. அட்டையைக் காட்டச் சொல்வதை அவமதிப்பாக எந்த நல்ல திருத்துநரும் எடுத்துக்கொள்ளமாட்டார்.

தொலைபேசியில் நான்கு விடயங்களைக் கேளுங்கள். வந்து பரிசோதிக்கும் கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு நேர வேலை அடங்கும், திருத்தத்துக்குச் சம்மதித்தால் அக்கட்டணம் கழிக்கப்படுமா, இரவுக்கும் வார இறுதிக்கும் கூடுதல் தொகை உண்டா? பழுதுக் குறியீட்டையும் இயந்திரத்தின் மாதிரி இலக்கத்தையும் அப்போதே சொன்னால், தேவையான பாகத்தை வாகனத்தில் எடுத்துவர வாய்ப்புண்டு. இரண்டாவது பயணத்துக்கான செலவு அதனால் குறையலாம். பரிசோதனை முற்றிலும் இலவசம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் அதிகக் கவனத்துடன் இருப்பேன். அந்தப் பயணத்தின் செலவை அவர்கள் எங்காவது ஈடுசெய்தாக வேண்டும்.

பில்லின் உள்ளடக்கம்

பரிசோதனைக் கட்டணம் வழக்கமாக 100 முதல் 180 டொலர் வரை இருக்கும். நள்ளிரவிலோ விடுமுறை நாளிலோ அது 200 முதல் 300 டொலர் வரையோ அதற்கு மேலோ செல்லக்கூடும். பழுது கண்டுபிடிக்கப்பட்டபின் பாகத்தின் விலையும் கூலியும் சேர்த்து ஒரே தொகையாகவே பல நிறுவனங்கள் சொல்கின்றன. இணையத்தில் 40 டொலருக்குக் கிடைக்கும் இக்னைற்றருக்கு 300 டொலர் கேட்கிறார்களே என்று மனம் குமுறுவது இயல்பு. ஆனால் அந்தத் தொகையில் திருத்துநரின் உரிமமும் காப்புறுதியும் வாகனமும், குளிரில் வந்துசெல்லும் நேரமும், பொருத்திய பாகத்துக்கு அவர் தரும் உத்தரவாதமும் அடங்குகின்றன. அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஏமாற்று என்பது தேவையில்லாத பாகத்தை மாற்றுவதும், சுத்தம் செய்தால் போதுமானதைப் பழுது என்று கூறுவதும்தான்.

இதைத் தடுக்கும் வழி, வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு பெறுவது. எந்தப் பாகம், அதன் இலக்கம் என்ன, பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியே எவ்வளவு, அது பழுதடைந்தது என்று எந்த அளவீட்டால் அறிந்தார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு குறிப்பிடப்பட்டிருந்தால், கூடுதல் வேலைக்கு நீங்கள் சம்மதித்திருந்தாலன்றி, இறுதித் தொகை அதைவிட 10 வீதத்துக்கு மேல் உயரக்கூடாது. வாய்மொழியாக ஒப்புக்கொண்டவருக்கு இந்தப் பாதுகாப்பை நிலைநாட்டுவது கடினம். கழற்றிய பழைய பாகத்தை விட்டுச்செல்லும்படியும் கேளுங்கள்.

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு

ஃபிளேம் சென்சரில் படலம் படிந்து, தீ பற்றியதும் அணைவது மிக எளிய பழுது. அதைக் கழற்றி மென்மையாகத் தேய்த்துத் துடைக்கச் சில நிமிடங்களே ஆகும் என்பதால், பரிசோதனைக் கட்டணத்துடனோ அதற்குச் சற்று மேலாகவோ முடிந்துவிட வேண்டும். இக்னைற்றர் எளிதில் உடையக்கூடிய, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் தேய்ந்துபோகும் பாகம். 200 முதல் 400 டொலர் வரை எதிர்பார்க்கலாம். பிரஷர் சுவிட்சும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் பிரஷர் சுவிட்சின் பழுதுக் குறியீடு வந்தால் சுவிட்சுதான் கெட்டது என்று முடிவுசெய்துவிடக்கூடாது. அடைபட்ட நீர்க்குழாயும், மூடிய வெளிக்குழாயும், தளர்ந்த இன்டியூசரும் அதே குறியீட்டையே தரும். ‘அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா?’ என்ற ஒரு கேள்வி இங்கே பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும்.

இன்டியூசர் மோட்டாருக்கு 500 முதல் 1,200 டொலர் வரையும், எரிவாயு வால்வுக்கு 500 முதல் 1,000 வரையும் ஆகலாம். புளோவர் மோட்டாரில் இரண்டு வகைகள் உண்டு. பழைய வகை 450 முதல் 800 டொலருக்குள் முடியும்; அதில் மோட்டார் சுழலாமல் முனகினால் பழுது மோட்டாரைச் சுழலவைக்க உதவும், சில பத்து டொலர் பெறுமதியான கப்பாசிற்றர் என்ற சிறு பாகத்தில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், அது சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஈ.சி.எம். எனப்படும் புதிய வகையில் மோட்டாரோடு மின்னணுப் பகுதியும் சேர்ந்திருப்பதால் 800 முதல் 1,800 வரை செல்லும்.

கொன்ட்ரோல் போர்ட் 450 முதல் 1,000 டொலர் வரை. காரணம் புரியாத பழுதுகள் எல்லாம் இதன்மேல் சுமத்தப்படுவதுண்டு. பல போர்ட்களில் கார்களில் இருப்பதைப் போன்ற 3 அல்லது 5 அம்பியர் கொண்ட சிறிய ஃபியூஸ் ஒன்று செருகப்பட்டிருக்கும். தெர்மோஸ்டற் கம்பி எங்காவது உரசித் தொடுகையுற்றால் அது எரிந்து இயந்திரம் முழுவதும் செத்ததுபோல் நிற்கும். அப்போது செய்ய வேண்டியது கம்பியின் பழுதைக் கண்டுபிடித்து ஃபியூஸை மாற்றுவதே. போர்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், அதற்குள் மின்சாரம் வருகிறதா, அதிலிருந்து எது வெளியே வரவில்லை என்பதை மீற்றரில் காட்டச் சொல்லுங்கள்.

ஹீற் எக்ஸ்சேஞ்சர் இவை எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது. எரிந்த வாயுவையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்துவைப்பது அந்த உலோகச் சுவர்தான். அதில் வெடிப்பு, அதாவது கீறல், விழுந்தால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் கலக்கும் வாய்ப்பு உண்டு. மாற்றுவதற்கு 1,500 முதல் 3,500 டொலர் வரை ஆகும். பாகத்துக்கு 20 ஆண்டு அல்லது ஆயுட்கால உத்தரவாதம் இருந்தாலும், ஏறக்குறைய முழு இயந்திரத்தையும் பிரித்துப் பூட்ட வேண்டியிருப்பதால் கூலி மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். உண்மையான அபாயமாக இருப்பதாலேயே, புதிய ஃபர்னஸ் விற்க விரும்புபவருக்கு இது மிக வசதியான காரணமாகவும் அமைந்துவிடுகிறது. வெடிப்பின் படத்தையோ காணொளியையோ கேளுங்கள். எரிப்பு வாயுக்களை அளக்கும் கருவியின் முடிவையும் கேளுங்கள். வெடிப்பு இருந்தால் அதைக் காட்ட முடியும். காட்ட மறுப்பவரின் சொல்லை மட்டும் நம்பிப் பல ஆயிரம் டொலருக்குக் கையெழுத்திடாமல், வேறொரு நிறுவனத்தின் கருத்தைப் பெறுங்கள். அதுவரை ஃபர்னஸை அணைத்தே வைத்திருங்கள்.

சிவப்புச் சீட்டு

அபாயம் கண்ட திருத்துநர் ஃபர்னஸில் சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டுச் செல்லலாம். ‘ஏ’ வகைச் சீட்டு உடனடி அபாயத்தைக் குறிக்கும். எரிவாயு அப்போதே நிறுத்தப்படும். ‘பி’ வகையில் உடனடி அபாயம் இல்லை. சீட்டில் குறிப்பிட்ட காலத்துக்குள் திருத்தியாக வேண்டும். சீட்டில் காரணம் எழுதப்பட்டிருக்கும், அதைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கட்டிய நிறுவனமே திருத்த வேண்டும் என்றோ, புதியதை விற்க வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. உரிமம் பெற்ற எவரும் பழுதை நீக்கலாம். ஆனால் சீட்டை நீங்களே கழற்றி ஃபர்னஸை மீண்டும் இயக்குவது எந்த நிலையிலும் கூடாது.

திருத்துவதா, மாற்றுவதா

ஃபர்னஸின் வழக்கமான ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். தயாரிக்கப்பட்ட ஆண்டு கதவின் உட்புறத் தகட்டில் நேரடியாகவோ வரிசை இலக்கத்தின் வழியாகவோ தெரியும். இயந்திரத்தின் வயதைத் திருத்தச் செலவால் பெருக்கி, விடை 5,000 ஐத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்ற ஒரு கணக்கு இத்தொழிலில் வழங்குகிறது. 8 ஆண்டு ஃபர்னஸுக்கு 400 டொலர் என்றால் 3,200, திருத்தலாம். 17 ஆண்டு ஃபர்னஸுக்கு 900 டொலர் என்றால் 15,300. அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே மேல். ஆனாலும் இக்கணக்கைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். 17 ஆண்டு ஃபர்னஸில் 300 டொலர் இக்னைற்றரை மாற்றி அந்தக் குளிர்காலத்தைக் கடந்துவிட்டு, கோடையில் அவசரமின்றி மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்பதையே நான் பரிந்துரைப்பேன், விடை 5,100 ஆக இருந்தபோதிலும்.

புதிய ஃபர்னஸ் பொருத்துவதற்கு 4,000 முதல் 7,500 டொலர் வரை ஆகலாம். கனடாவில் 2019 ஜூலை முதல் புதிய எரிவாயு ஃபர்னஸ்கள் 95 வீதத் திறன் கொண்டவையாக இருக்க வேண்டும். உங்களுடையது 2010 க்கு முற்பட்ட, புகைபோக்கி வழியே வாயுவை வெளியேற்றும் வகையாக இருந்தால், புதியதற்குச் சுவர் வழியாகப் புதிய குழாய் போட வேண்டும். அதே புகைபோக்கியை நீர்ச் சூடாக்கியும் பயன்படுத்தி வந்திருந்தால், தனியே விடப்பட்ட அதற்கு அந்தப் புகைபோக்கி அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும் என்பதால், உட்குழாய் ஒன்று இறக்கவும் நேரலாம். இந்தச் செலவுகள் மதிப்பீட்டில் உள்ளனவா என்று முன்னதாகவே கேளுங்கள். பழையதன் அளவைப் பார்த்து அதே அளவில் புதியதைத் தருபவரைவிட, சி.எஸ்.ஏ. எஃப்280 முறைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தருபவர் சிறந்தவர். தேவைக்கு மீறிய அளவுள்ள ஃபர்னஸ் அடிக்கடி பற்றி அணைந்து விரைவில் தேய்ந்துவிடும்.

முடிவெடுக்க நேரம் வேண்டுமானால், ஓரிரு மின்சார ஹீற்றர்களை வாங்கி ஒரே அறையில் எல்லோரும் தங்கலாம். நீட்டிப்புக் கம்பியில் அவற்றைச் செருகாதீர்கள். அடுப்பையோ பாபிகியூவையோ வெப்பத்துக்காக ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். நீர்க்குழாய் உறையாமலிருக்கக் குழாய்களைச் சற்றுக் கசியவிட்டு, தொட்டிகளின் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். 150 டொலர் ஹீற்றர்களால் கிடைக்கும் இரண்டு நாள் அவகாசம், அவசர விலையிலிருந்து ஆயிரக்கணக்கில் உங்களைக் காக்கக்கூடும்.

கையெழுத்திடுவதற்கு முன்

‘முன்பணம் இல்லை, மாதம் 90 டொலர் மட்டும்’ என்று சொல்லப்படும் வாடகை ஒப்பந்தத்தில், மாதத் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். 120 மாதங்களுக்கு 10,800 டொலர், ஆண்டுதோறும் தொகை உயருமானால் இன்னும் கூடுதல். இடையில் வெளியேறுவதற்கான தொகையையும் எழுத்தில் பெறுங்கள். முன்னர் இத்தகைய நிறுவனங்கள் வீட்டு உறுதியின்மேல் நோசி எனப்படும் பிணை அறிவித்தலைப் பதிந்து, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கோரி வந்தன. 2024 ஜூன் மாதத்தில் ஒன்ராறியோ அரசு நுகர்பொருள்களுக்கான அப்பதிவுகளைத் தடைசெய்து, இருந்தவற்றையும் செல்லாதவையாக்கியது. ஆயினும் ஒப்பந்தத்தின் கடன் அதனால் மறைந்துவிடவில்லை.

அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ், குளிரூட்டி, நீர்ச் சூடாக்கி, நீர் வடிகட்டி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் செய்வது 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளது; அவ்வாறு செய்யப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. அரசின் சார்பில் வந்திருக்கிறோம், எரிவாயு நிறுவனத்தின் பரிசோதனை என்று தமிழிலேயே பேசி உள்ளே வருபவர்களிடமும் இதையே சொல்லி அனுப்புங்கள். நீங்களே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தமாயினும், எழுத்துப் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் காரணம் கூறாமல் இரத்துச் செய்யலாம். உங்கள் வேண்டுகோளின்படி வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், செய்த வேலைக்கு நியாயமான தொகை கோர அவர்களுக்கு இடமுண்டு. இரத்துச் செய்வதை எழுத்தில், பதிவுத் தபால் அல்லது மின்னஞ்சல் மூலம் செய்து பிரதியை வைத்திருங்கள். வீட்டில் உள்ள பெற்றோருக்கும் இதை எடுத்துச் சொல்வது அவசியம். பகலில் தனியே இருக்கும் முதியவர்களிடமே இத்தகையவர்கள் அதிகம் வருகிறார்கள்.

குளிர் வருமுன்

செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆண்டுப் பராமரிப்பைச் செய்துகொள்ளுங்கள். 100 முதல் 200 டொலருக்குள் ஃபிளேம் சென்சரைத் துடைத்து, நீர்க்குழாயைக் கழுவி, எரிப்பை அளந்து, வெப்ப உயர்வைச் சரிபார்த்துத் தர வேண்டும். அளவுகளை எழுதித் தராமல், தட்டிப் பார்த்துவிட்டுச் செல்வது பராமரிப்பு ஆகாது. பல தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்துக்கு இந்தப் பற்றுச்சீட்டுகளைக் கேட்பதுண்டு. மாதம் 15 முதல் 30 டொலர் வரை அறவிடும் பாதுகாப்புத் திட்டங்களில் ஹீற் எக்ஸ்சேஞ்சர் விலக்கப்பட்டிருக்கிறதா, ஆண்டுக்கு அதிகபட்சத் தொகை உண்டா என்று பாருங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் உள்ள ஃபர்னஸுக்கு அத்தொகையை வங்கியில் சேமிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஃபர்னஸ் அறையில் அரிசி மூட்டைகளையும் பெட்டிகளையும் அதன்மேல் சாய்த்து அடுக்க வேண்டாம். பெயின்ற், குளோரின் கலந்த சலவைத் திரவம் ஆகியவற்றை அங்கே வைக்கவே கூடாது. அவற்றின் ஆவி ஹீற் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும்.

பேஸ்மென்ற்றில் குடியிருப்பாளர் இருந்தால், நீங்கள் வீட்டுக்காரர் மட்டுமல்லர், வாடகைக்கு விடுபவரும் ஆவீர். மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை அவருடைய அறையில் குறைந்தது 20 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகரசபை 21 பாகை கேட்கிறது. ஃபர்னஸ் நின்ற இரவிலும் அந்தக் கடமை தொடர்வதால், மேல் தளத்துக்கு ஹீற்றர் வாங்கும்போது அவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.